மலைக்குள் போன தேங்காய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மகள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டாள். இதை எழுத உட்காரும் முன்கூட ஒருதரம் எழுந்து போய், அவளுடைய அறைக்கதவின் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவள் பாசலிலிருந்து ரயிலேறி, யூரா மலையில் இருக்கும் ஒரு சதுப்புப் பள்ளத்தாக்கிற்குத் தனியாகப் போனாள். புவியியல் பாடத்துக்கு ஏதாவது ஒரு நீரோடையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடந்து பார்த்து எழுத வேண்டுமாம். திரும்பிய பக்கமெல்லாம் ஓடை இருக்கும் நாட்டில் அவள் அந்த ஓடையைத் தேர்ந்ததற்குக் காரணம் நான்தான். சிறுவயதில் அவளைச் சாப்பிட வைப்பதற்கு நான் சொன்ன கதைகளில் அதுவும் ஒன்று. அன்று பின்னேரம் அவளுடைய கைபேசி அணைந்துபோனது. வெளிச்சம் குறையத் தொடங்கியும் ஒரு செய்தியும் இல்லை. அந்தப் பின்னேரத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஓடையைச் சொல்ல வேண்டும், அதில் மிதந்து போன தேங்காயையும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் லா ஷோ-து-ஃபோனில் இருந்தோம். மலையின் மேலே, நேர்நேரான தெருக்களோடு இருக்கும் மணிக்கூட்டு நகரம் அது. அப்பா ஒரு தொழிற்சாலையில், மணிக்கூட்டுக்குள் போகும் சின்னச் சின்னப் பாகங்களை எண்ணெய் போகக் கழுவும் வேலை செய்தார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அதனால் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. போவதற்கு வேறு இடமும் இல்லை.

எங்களோடு நாலாவதாக வந்து சேர்ந்திருக்க வேண்டியவர் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. தாய் நேரத்தோடு போய்விட்டதால் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியவர் அம்மாதான். ஊரில் இருந்து, காசு வாங்கி ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஓர் ஏஜென்சிக்காரன் அவரையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். எங்கேயோ ஒரு குளிர் நகரத்தில் இருந்து மாமா ஒரேயொரு முறை தொலைபேசியில் கதைத்தார். பனியைக் கண்டதாகவும், அது உப்பு மாதிரி இருப்பதாகவும், நக்கிப் பார்த்தபோது உப்பில்லை என்றும் சொன்னார். அங்கே வந்தால் சீனிச்சம்பல் செய்து தருவாயோ என்று அம்மாவிடம் கேட்டார். அதற்குப் பிறகு சத்தமில்லை.

சில மாதம் கழித்து, அவரோடு வந்த பொடியன் ஒருவன் பாசலுக்கு வந்து சேர்ந்து எங்களுக்குத் தொலைபேசி எடுத்தான். எல்லையில் ஓர் ஆற்றை இருட்டோடு கடந்தார்களாம். இரண்டு வள்ளம். மாமா ஏறிய வள்ளம் கவிழ்ந்துவிட்டதாம். அப்பா ரிசீவரைக் கையில் வைத்தபடி இதை அம்மாவுக்குச் சொன்னார்.

"வள்ளம் கவிண்டதைக் கண்டவனோ, தம்பி தண்ணிக்குள்ளை தாண்டதைக் கண்டவனோ?" என்று அம்மா கேட்டார்.

"அந்த இருட்டிலை என்னத்தைக் காணுறது?"

"அப்ப காணேல்லை" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒரு வருடம் போனது. தொலைபேசி அடித்தால் அம்மா ஓடிவரும் ஓட்டத்தைப் பார்க்க அப்பாவால் முடியவில்லை. ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருடத் திவசம், செய்ய வேண்டும் என்று அவர் தொடங்கினார். செய்யாவிட்டால் அவன் அந்தரித்துத் திரிவான் என்றார். உயிரோடு இருக்கிறவனுக்குத் திவசம் செய்தால் அவனுடைய ஆயுள் என்ன ஆகும் என்று அம்மா கேட்டார். இந்த வழக்கு இரண்டு மூன்று கிழமை, பெரும்பாலும் நான் நித்திரை என்று அவர்கள் நினைத்த நேரங்களில், நடந்தது. கடைசியில் அம்மா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

"சரி, செய்வம். ஆனால் ஓடுற தண்ணியிலை விடோணும். கடலுக்குப் போற தண்ணியாய் இருக்கோணும். ஊரிலை எண்டால் கீரிமலைக் கடலிலை விட்டிருப்பம். இஞ்சை குளத்திலை, குட்டையிலை விட்டிட்டு வர நான் சம்மதிக்கன்."

லா ஷோ-து-ஃபோனில் ஆறு இல்லை. அவ்வளவு பெரிய நகரத்தில் ஒரு வாய்க்கால்கூடக் கண்ணில் படாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். அம்மா இது தெரிந்துதான் அந்த நிபந்தனையைப் போட்டாரோ என்று பிற்காலத்தில் யோசித்திருக்கிறேன். அப்பா சளைக்கவில்லை. தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் வேலைசெய்த போர்த்துக்கீசரிடம் விசாரித்து, சின்ன ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் ஒரு சதுப்புவெளி இருக்கிறது, அதன் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது என்ற செய்தியோடு வீட்டுக்கு வந்தார். ஓடை ஓடினால் ஆற்றுக்குப் போகும், ஆறு கடலுக்குப் போகும். இதில் கேட்க வேறென்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை. அங்கே வளர்ந்த ஒருவருக்கு ஆறுகளைப் பற்றி இருந்த அறிவு அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் ஐயர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஐயர் கிடையாது. இன்ரர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலைசெய்த ஒருவர் இருந்தார். ஊரில் கோயில் மடைப்பள்ளியில் நின்று, ஐயர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியவர். அவரைக் குசினி ஐயர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர் முன்னாலேயே. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ரயிலில் வந்து இறங்கினார்.

"அண்ணை, முழு மந்திரமும் தெரியும் எண்டு நான் சொல்லேல்லை. முக்கால்வாசி தெரியும்."

"மிச்சக் கால்வாசிக்கு?"

"தேவாரம் பாடுவம். கடவுள் என்ன, சோதினைத் தாளே திருத்தப் போறார்?"

"நேற்று ஹோட்டல்லை என்ன சமைச்சனீர்?"

"அதைக் கேக்காதேங்கோ அண்ணை. கையை நல்லாக் கழுவிப்போட்டுத்தான் வந்தனான்."

தேங்காயை அம்மாவே கடையில் தேடி வாங்கியிருந்தார். குடுமி சிரைத்து, மூன்று கண்ணும் வெளியே தெரியும் மொட்டைத் தேங்காய். அதில் தென்னைமரப் படம் போட்ட ஒரு சின்ன ஒட்டுத்தாள் இருந்தது. நான் அதை நகத்தால் மெல்லக் கிளப்பி என் பென்சில் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டேன். முதல்நாள் இரவு அம்மா தேங்காயை மடியில் வைத்து, உள்ளங்கையால் மஞ்சளைத் தடவித் தடவிப் பூசிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் அவ்வளவு நேரம் எடுத்தது. பிறகு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்.

சின்ன ரயில் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் எனக்கு மாமாவும் மறந்துபோனார், திவசமும் மறந்துபோனது. அப்படியொரு நிலத்தை நான் அதுவரை கண்டதில்லை. இரண்டு பக்கமும் இருண்ட ஊசியிலைக் காடு ஏறிய மலைகள், நடுவே தட்டையான வெளி. துள்ளினால் நிலம் ஆடியது. நான் துள்ள, சற்றுத் தள்ளி நின்ற மெலிந்த வெள்ளை மரம் ஒன்று தலையாட்டியது. மறுபடி துள்ளினேன். மறுபடி ஆடியது. குசினி ஐயரும் யாரும் பார்க்காத நேரம் ஒருமுறை துள்ளிப் பார்த்தார்.

வெளி முழுக்க நேர்நேராக வெட்டிய பழைய வாய்க்கால்கள் ஓடின. அங்கத்தைய ஆட்கள் ஒரு காலத்தில் தண்ணீரை வடியவிட்டு, அடியில் இருந்த கரிமண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்களாம். இதை அப்பா போர்த்துக்கீசரிடம் கேட்டு வந்திருந்தார். மண்ணை எரிக்கலாமா என்று கேட்டேன். இந்த நாட்டில் எதையும் செய்வார்கள் என்றார். வாய்க்கால் தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கையில் அள்ளினால் நிறமில்லை, திரும்ப ஊற்றினால் நிறம் வந்தது. இந்த விந்தையை நான் பலமுறை செய்துபார்த்ததில் சட்டைக்கை முழங்கைவரை நனைந்தது. எல்லா வாய்க்கால்களும் கடைசியில் ஓரிடத்தில் கூடி ஓடையாயின. அப்பா அதை அம்மாவுக்குக் காட்டினார், தானே வெட்டிவிட்டது மாதிரி.

"பாரும், ஓடுது."

"ஓம், ஓடுது" என்றார் அம்மா.

கரையில் திவசம் நடந்தது. வாழையிலைக்குப் பதிலாக முட்டைக்கோசின், எங்கள் பேச்சில் கோவாவின், பெரிய வெளியிலை. அதில் எள்ளுக் கலந்த சோற்றுருண்டைகள், கொஞ்சம் பூ. குசினி ஐயர் முக்கால்வாசியும் சொல்லி, கால்வாசியும் பாடி முடித்தார். அப்பா ஓடைக்குள் இறங்கி, கோவா இலையை ஒரு தோணி போலவும் அதற்குப் பின்னால் தேங்காயையும் விட்டார். அம்மா அழவில்லை. தண்ணீரின் வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனித் திரும்பிப் பாராமல் நடவுங்கோ" என்றார் குசினி ஐயர். "பிள்ளை, உனக்கும்தான்."

நாங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். ஆனால் அடுத்த ரயில் நிறுத்தத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஓடையோடுதான் போனது, அதுவும் ஓடை போகும் திசையிலேயே. இதை யாரும் யோசித்திருக்கவில்லை. கீரிமலையில் கடலுக்கு முதுகைக் காட்டினால் விஷயம் முடிந்தது. இங்கே கொஞ்சத் தூரம் நடந்ததும் தேங்காய் எங்களை எட்டிப் பிடித்துவிட்டது. மஞ்சள் மொட்டைத் தலையை ஆட்டி ஆட்டி எங்கள் பக்கத்திலேயே வந்தது.

"பின்னாலைதானே பாக்கக்கூடாது, பக்கத்திலை பாக்கலாமோ?" என்று கேட்டேன்.

குசினி ஐயர் நின்று யோசித்தார். "பக்கத்தைப் பற்றி ஒண்டும் சொல்லித் தரேல்லை" என்றார்.

"கொஞ்சம் நிண்டு அதை முன்னாலை போக விடுவம்" என்றார் அப்பா. நின்றோம். தேங்காயும் ஒரு புல்லுக்கட்டில் தட்டுப்பட்டு நின்றது. நடந்தோம். அதுவும் கழன்று நடந்தது. அப்பா வேகமாக நடக்கச் சொன்னார். ஓடையும் சரிவில் வேகமெடுத்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. தேங்காய்க்குச் சமமாக நடந்தார். அது நின்றால் நின்றார். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற பிள்ளையோடு நடக்கும் நடை அது.

ரயில் நிறுத்தத்துக்குத் திரும்பும் இடம் வந்தது. அம்மா திரும்பவில்லை. ஓடையோடே போனார். நாங்கள் பின்னால் போனோம்.

ஓடை ஒரு சின்னப் பள்ளத்துக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் கல்லால் கட்டிய பழைய கால்வாய்ச் சுவர், பாசி பிடித்து, சில இடங்களில் இடிந்து கிடந்தது. அதற்கப்பால் கல்மலை. தண்ணீர் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிப் போய், மலையின் அடியில் ஒரு கறுத்த வாய்க்குள் விழுந்தது. அதற்குப் பிறகு ஓடை இல்லை. அவ்வளவுதான். நான் அந்தப் பக்கம் ஓடிப் பார்த்தேன், இந்தப் பக்கம் ஓடிப் பார்த்தேன். புல்லும் மாடும்தான். ஓர் ஓடை முடிந்துபோவதை அன்றுதான் கண்டேன்.

கோவா இலை முதலில் போனது. தேங்காய் வாயருகே இரண்டு சுற்றுச் சுற்றியது. போக மனமில்லாதது போல் இருந்தது. பிறகு தலையைக் கீழே போட்டு உள்ளே போய்விட்டது.

அம்மா சுவரோரம் குனிந்து அந்தக் கறுத்த வாயை எட்டிப் பார்த்தார்.

"இது எங்கை போகுது?" என்று அம்மா கேட்டார்.

"கடலுக்குத்தான் அக்கா" என்றார் குசினி ஐயர்.

"கடல் மலைக்குக் கீழையோ கிடக்கு?" அம்மா அப்பாவைப் பார்த்தார். "தண்ணியிலை தாண்டவனெண்டு சொன்னியள். இப்ப மண்ணுக்குள்ளையும் விட்டாச்சு."

அப்பாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. அந்த நேரம் மேலே மாடுகளைப் பார்க்க வந்த ஒரு வயோதிப விவசாயி எங்களைக் கண்டு இறங்கி வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்து ஓடைத் தண்ணீர் சொட்ட நின்ற குசினி ஐயரையும், கோட்டுக்குக் கீழே சேலை தெரிய நின்ற அம்மாவையும் பார்த்து ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். எங்கள் நாலு பேரில் பிரெஞ்சு ஒழுங்காகத் தெரிந்தவள் நான் மட்டும்தான். தேங்காய் என்றேன். அவர் தொப்பியைத் தூக்கி மண்டையைச் சொறிந்தார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இந்தப் பள்ளத்தாக்குக்கு வாசல் இல்லை. நாலு பக்கமும் மலை. அதனால் தண்ணீர் எல்லாம் இந்த ஓட்டைக்குள்தான் விழும். முந்தி இந்தக் கால்வாயில் ஆலைச்சக்கரம் சுற்றி மா அரைத்தார்களாம். விழுகிற தண்ணீர் மலைக்குள்ளால் போய் மறுபக்கத்தில் வெளியே வரும். அங்கே இருக்கும் ஊரின் பெயருக்கே கறுத்த தண்ணி என்றுதான் அர்த்தம். ஒருதரம் யாரோ இங்கே பச்சைச் சாயம் கரைத்துவிட, அங்கே ஆறு பச்சையாக வந்ததாம்.

"தேங்காயும் வருமோ எண்டு கேள்" என்றார் அம்மா.

கேட்டேன். விவசாயி தோளைக் குலுக்கினார். தண்ணீர் வரும், தேங்காயை யாரும் விட்டுப் பார்த்ததில்லை என்றார். அதையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு வரை, அந்தக் கிழமை முழுவதும், அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கடலுக்குப் போகாமல் மலைக்குள் கிடந்து தட்டுப்படுகிறது என்பார். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தியை வைத்துவிட்டு, "உள்ளுக்கை எவ்வளவு இருட்டாய் இருக்கும்" என்பார். எனக்கோ வேறு கேள்விகள். மலைக்குள் தண்ணீர் நிமிர்ந்து ஓடுமா, குனிந்து ஓடுமா? தேங்காய் மூலையில் திரும்புமா? பள்ளிக்கூடத்து அட்லசில் மறுபக்கத்து ஊரைக் கண்டுபிடித்தேன். நுவாரேக். அங்கிருந்து விரலை வைத்துக்கொண்டு போனால் ஆறு, ஏரி, இன்னொரு ஆறு, பிறகு ரைன், பாசல், கடைசியில் கடல். அப்பாவுக்குக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை அங்கை போய்ப் பாப்பம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஞாயிறு காலை அப்பாவின் நகங்களுக்குள் மஞ்சளாக இருந்தது. தோளில் ஒரு பை. மழை வந்தாலும் வரும் என்று குடையை அதற்குள் வைத்திருப்பதாகச் சொன்னார். குடைக்கு அது அதிகம் கனத்தது. ரயிலில் நான் சாய்ந்தபோது என் விலாவில் உருண்டையாக ஏதோ இடித்தது. அப்பா பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார்.

நுவாரேக்கில் பெரிய கல்மலையின் அடியில் இருந்து ஆறு பிறந்து வந்தது. நான் எதிர்பார்த்ததுபோல் குகையும் இரைச்சலும் இல்லை. பாறைக்கும் மரவேர்களுக்கும் இடையில் இருந்து, அதே தேத்தண்ணி நிறத்தில், கலங்காமல் பொங்கிக்கொண்டிருந்தது. அப்பா பாதை வழுக்குமோ என்று பார்த்துவருவதாகச் சொல்லி எங்களை நிற்கவைத்துவிட்டு முன்னால் போனார். சற்று நேரத்தில் கூப்பிட்டார்.

"இஞ்சை ஓடி வாங்கோ! இஞ்சை வந்து பாருங்கோ!"

இரண்டு வேர்களுக்கு நடுவே, மஞ்சளும் குங்குமமுமாய், தேங்காய் ஆடிக்கொண்டிருந்தது.

நான்தான் முதலில் குனிந்தேன். தேங்காயின் ஒரு பக்கத்தில், மஞ்சளுக்குக் கீழே, தென்னைமரப் படம் போட்ட ஒட்டுத்தாள். எங்கள் தேங்காயின் தாள் என் பென்சில் பெட்டியில் அல்லவா இருக்கிறது. நான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தேங்காயைத் தொட்டுப் பார்ப்பதுபோல் குனிந்து, பெருவிரலால் அந்தத் தாளைச் சுரண்டித் தண்ணீரோடு விட்டார். பெரியவர்களின் விஷயத்தில் முதல்முறையாக ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பாத்தீரே" என்று அப்பா தொடங்கினார். வரும் வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது இந்தப் பேச்சுக்காகத்தான். "தண்ணி வழி விட்டிட்டுது. இனி இது ஏரிக்குப் போய், ரைனுக்குப் போய், கடலுக்குப்..."

அம்மா தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். சப்பாத்தோடு, சேலையோடு. தேங்காயை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

"உள்ளுக்கை போனது வெளியிலை வந்திட்டுது" என்றார். "அப்ப அவனும் வருவான்."

அப்பா கரை ஓரத்துக்கு ஓடி வந்து கையை நீட்டினார்.

"அதைத் தண்ணியிலை விடும். வெளியிலை எடுக்கக்கூடாது."

"ஏன் விடுறது? இவ்வளவு இருட்டுக்குள்ளாலை எங்களைத் தேடி வந்திருக்கு."

அம்மா தேங்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவாமிப் படத்தட்டில் வைத்தார். செய்தி இன்ரர்லாக்கனுக்கு எட்டி, குசினி ஐயர் தொலைபேசியில் பதறினார். அவருடைய குரல் எனக்கே கேட்டது.

"அக்கா, அதை வீட்டிலை வைக்கக்கூடாது! செத்தவீட்டுத் தேங்காய் அது!"

"ஓம் தம்பி, செத்தவீட்டுத் தேங்காயை வைக்கக்கூடாதுதான்" என்றார் அம்மா. "இஞ்சை ஆர் செத்தது?"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் திவசப் பேச்சு எழவில்லை. வீடு மாறினோம், ஊர் மாறினோம், தேங்காயும் கூடவே மாறியது. அப்பா காலமாகிச் சில வருடங்களாகின்றன. அவருடைய சாம்பலை ரைனில் கரைத்தபோது, இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அம்மா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அம்மா இப்போது பாசலில் என்னோடு இருக்கிறார். தேங்காய் குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. தண்ணீர் வற்றி, உள்ளே கொப்பரை கழன்று, ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் போடும்.

போன மாதத்துச் சனிக்கிழமை நான் அந்தக் குசினியில்தான் நின்றேன். மகளின் எண்ணை அழுத்துவேன், ஒரு பெண்குரல் யேர்மன் மொழியில் மரியாதையாக மன்னிப்புக் கேட்கும். யன்னலுக்குப் போவேன், கதவுக்குப் போவேன். ஆடும் நிலம், கறுத்த வாய்க்கால்கள், சுற்றிச் சுற்றி உள்ளே போன அந்த மொட்டைத் தலை எல்லாம் கண்ணுக்குள் வந்தன. பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கப்போன என்னை அம்மா தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. கதிரையை இழுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தில் ஒரு பழக்கம் தெரிந்தது. இந்தக் காத்திருப்பு எனக்குப் புதிது. அவருக்கு அது தொழில்.

தெரியாத எண் ஒன்றில் இருந்து அழைப்பு வந்தது. யாரோ ஒரு பெண்ணின் கைபேசியில் என் மகள்.

"அம்மா, போன் பற்றரி செத்துப்போச்சு. நான் நுவாரேக் ஸ்டேஷன்லை நிக்கிறன். தண்ணி எங்காலை வெளியிலை வருதெண்டு பாக்க மலைக்கு மேலாலை நடந்து வந்திட்டன். ஏன் அழுறீங்கள்? உண்மையாவே தேத்தண்ணி மாதிரித்தான் இருக்கு அம்மா!"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா எழுந்து கேத்திலை அடுப்பில் வைத்தார். கொஞ்ச நேரம் முதுகு காட்டி நின்றவர், திடீரென்று சொன்னார்:

"உன்ரை அப்பாவுக்கு மஞ்சள் பூசத் தெரியாது."

எனக்கு விளங்கவில்லை.

"நான் உள்ளங்கையாலை தேய்ச்சனான். அது ஒத்தை விரலாலை பூசிக் கிடந்தது, பாணுக்கு பட்டர் பூசின மாதிரி. அதை விடு. ஒரு கிழமை மலைக்குள்ளை தண்ணியிலை கிடந்த தேங்காயிலை மஞ்சளும் குங்குமமும் நிக்குமே பிள்ளை?"

முப்பது வருடத்துக்கு மேலாக ஒட்டுத்தாளையே பெரிய தடயமாக நினைத்திருந்தவள் நான். இது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"அப்ப... தெரிஞ்சுகொண்டோ தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"அவர் கொண்டுவந்து போட்டது விஷயத்தை முடிக்க. நான் எடுத்துக்கொண்டு வந்தது முடியாமல் வைக்க." அம்மாவின் குரலில் மெல்லிய சிரிப்பு இருந்தது. "அவராலை ஒண்டும் சொல்ல ஏலாது. சொன்னால் தன்ரை கள்ளமெல்லோ வெளியிலை வரும். பாவம், நல்ல மனுசன்."

"மாமா வருவார் எண்டு நம்பினீங்களோ அம்மா?"

அம்மா கொதித்த கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கினார்.

"நம்புறது, நம்பாதது வேறை" என்றார். "ஒருத்தரும் பாத்துக்கொண்டிராட்டி, அவன் ஆரிட்டை வாறது?"

நுவாரேக்கில் இருந்து நாங்கள் நிலையத்துக்கு நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை அன்றிலிருந்து திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். முன்னால் அம்மா, சேலைக்கரை சொட்ட, தேங்காயைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு. பின்னால் அப்பா, வெறும் பையோடு, மழையில்லாத வானத்தின் கீழ் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு. நடுவில் நான், ஒருவரிடமும் சொல்லக்கூடாத ஒரு ரகசியம் எனக்குத் தெரியும் என்ற பெருமையில் துள்ளிக்கொண்டு. எங்கள் மூவரில் ஒன்றும் தெரியாதவள் நான் ஒருத்திதான்.